வாய் திறக்கிற பிள்ளை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கிராமச் செவிலியர்களுக்கு ஊக்கம் தருகிற மாதிரி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் வேறு ஆளைத்தான் கேட்டிருக்க வேண்டும். நான் எழுபதுகளில் வேலை பார்த்தது மரக்காணத்து உப்பளத் தெருக்களில். அங்கே எனக்குக் கிடைத்ததில் ஊக்கம் குறைச்சல். ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். நீங்கள் போகப் போகிற வீடுகளில் இப்படியெல்லாம் இப்போது நடக்காது என்று யாராவது சொன்னால், அவரோடு அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் போய்ப் பாருங்கள்.

போன மாதம் உங்களில் ஒருத்தி என் வீட்டுக்கு வந்திருந்தாள். பையில் சுருட்டி வைத்திருந்த உணவுப் படத்தை விரித்துக் காட்டினாள். பால், முட்டை, மீன், கீரை, காரட், நடுவில் ஒரு சிவப்பு ஆப்பிள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அந்தக் காலத்தில் கொடுத்த படத்திலும் நடுவில் இதே ஆப்பிள்தான் இருந்தது. மரக்காணத்தில் அப்போது ஆப்பிளை நேரில் பார்த்தவர்கள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள் மட்டும்தான். அச்சு இப்போது நன்றாக வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சேர்ந்த புதிதில் நானும் அந்தப் படத்தை நம்பினேன். வட்டார அலுவலகத்திலிருந்து ஏழை வீடுகளுக்குக் கோழிக்குஞ்சு கொடுத்தார்கள். பிள்ளைகள் முட்டை சாப்பிடும், சத்து வரும் என்று திட்டம். நான்தான் வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்தினேன். குஞ்சு வளர்ந்து கோழியாகி முட்டையும் போட ஆரம்பித்தது. ஆனால் எந்தக் குப்பையிலும் ஒரு முட்டை ஓட்டைக்கூட நான் பார்க்கவில்லை. எல்லா முட்டையும் பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் ஆம்லெட் ஆகிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் தாங்கவில்லை. எனக்கு மேலே இருந்த மூத்த செவிலியரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன்.

அந்த அம்மா எவ்வளவு வெயிலிலும் குடை பிடிக்க மாட்டார். குடை பிடித்தால் ஒரு கை வீணாகிறது என்பார். நான் பேசி முடிக்கும் வரை மருந்து டப்பாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முட்டைய தின்னுன்னு சொன்னியே, அந்த வீட்ல எத்தனை வாயின்னு பாத்தியா?" என்றார்.

பார்க்கவில்லை. "ஒரு முட்டைய அஞ்சு பேருக்கு எப்படி ஊட்டுவே? அத்த வித்தா வர்ற கேவுருல அஞ்சு பேருக்கும் கூழு ஆவுது. நீயா இருந்தா இன்னா பண்ணுவே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார். கேவுரு என்றால் கேழ்வரகு. உப்பளத்து வயிறுகள் அதில்தான் நிறைந்தன.

அவர் சொன்னதை அன்றைக்கு ஒரு கணக்காகப் புரிந்துகொண்டேன். அந்தக் கணக்கு ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பதை அஞ்சலை வீட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

அஞ்சலை உப்பளத்தில் தலையில் கூடை வைத்து உப்பு சுமக்கிறவள். அவள் புருஷன் ஏழுமலை பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவன். மூத்தவன் ஒரு பையன், அடுத்தது செல்வி, அதற்கடுத்து ஒரு கைக்குழந்தை. வெயில் காலத்தில் ஒரு நாள் கைக்குழந்தைக்கு ஊசி போடத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். சுவரோரமாகச் செல்வி உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது நிறையவில்லை. கன்னம் இரண்டும் உப்பிப் பளபளவென்று இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "பாருங்க நர்சம்மா, இவ புள்ள எப்படிக் கொழுகொழுன்னு இருக்குது" என்றாள்.

ஊசியைக் கீழே வைத்துவிட்டு நான் பிள்ளையிடம் போனேன். பிள்ளையின் முடி செம்பட்டை அடித்திருந்தது. காலடியில் கோழி ஒன்று கொத்திக்கொண்டே போனது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து அவள் பாதத்தைக் கட்டைவிரலால் அமுக்கினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. கொழுப்பு இல்லை, வீக்கம். உடம்பை வளர்க்கிற சத்து இல்லாமல் போகிறபோது வருகிற வீக்கம். மாவும் கஞ்சியும் மட்டுமே தின்று வளர்கிற பிள்ளைக்கு அது வரும்.

"இன்னா குடுக்கற இவளுக்கு?"

"கேவுரு கூழுங்க. சோறு வடிச்ச அன்னிக்குக் கஞ்சி."

"கருவாடு?"

"அத்த நிறுத்திட்டேன் நர்சம்மா" என்றாள் அஞ்சலை. குரலில் ஒரு பெருமை இருந்தது. "காலு வீங்கினதுமே நிறுத்திட்டேன். இவளுக்கு உப்பு ஏறிடுச்சி. இப்ப உப்பே காட்றதில்ல. கூழுக்குக்கூட உப்பு போடாமத்தான் குடுக்கறேன்."

உப்பளத்துக்காரர்களிடம் இந்த நம்பிக்கை உண்டு. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கிறவர்களுக்குக் கால் வெடித்து, கையெல்லாம் அரித்துப் போய்க் கிடக்கும். உடம்புக்குள்ளும் உப்பு ஏறுகிறது என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. அஞ்சலையின் மாமனாருக்கு வீக்கம் வந்தபோது திண்டிவனத்து டாக்டர் ஒருவரே உப்பையும் கருவாட்டையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அது சிறுநீரக வியாதி, டாக்டர் சொன்னதும் சரி. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாருக்கு வீங்கினாலும் கருவாட்டை நிறுத்திவிடுவார்கள். செல்விக்கு வாரத்தில் நாலு நாளாவது வாயில் போய்க்கொண்டிருந்த ஒரே கவுச்சி அந்தக் கருவாட்டுத் துண்டுதான். அதையும் அவள் அம்மா பிரியத்தினால் பிடுங்கிவிட்டாள்.

இதற்குப் பெயர் அறியாமை. அதில் சந்தேகமே இல்லை. இந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மூத்த செவிலியரைக் கேட்டிருந்தால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்றுதான் சொல்லியிருப்பார். நானும் முதலில் அதைத்தான் சொன்னேன். அஞ்சலை முடியாதென்று தலையை ஆட்டிவிட்டாள்.

"சீசன்ல நான் போய்ட்டா மேஸ்திரி வேற ஆள வச்சிக்குவான். திரும்பி வந்து நான் எங்க நிக்கறது? இங்க ரெண்டு பேரு இருக்கறாங்க, அவங்களுக்கு யாரு ஆக்கறது?"

இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானிக்க வேண்டும். கத்தினால் அவள் கேட்பாள், தலையை ஆட்டுவாள், நீங்கள் போனதும் கதவைச் சாத்திக்கொள்வாள். அதற்காக அவள் சொல்வதற்கெல்லாம் சரி என்றால் பிள்ளை போய்விடும். என் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, தயிர் சோற்றில் கொஞ்சம் மசித்துச் செல்வியின் உதட்டருகே கொண்டு போனேன். கொஞ்ச நேரம் விரலையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். இன்னொரு வாய் கொடுத்தேன், அதற்கும் திறந்தாள். ஜுரம் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

"அஞ்சலை, நல்லா கேட்டுக்க. இவ வாயத் தொறக்கற வரைக்கும் பயமில்ல. சோத்தக் காட்டி மூஞ்சத் திருப்பிக்கினான்னா, வேலை கீலைன்னு பாக்காத. அன்னிக்கே தூக்கிக்கினு என்கிட்ட ஓடியா."

"சரிங்க" என்றாள். ஆஸ்பத்திரி இல்லை என்றதும் அவள் முகம் தெளிந்தது.

முடிவு சுலபம். எதை ஊட்டுவது? பால் டீக்கடைக்குப் போகிற பொருள். பருப்பு கல்யாணத்துக்கு வாங்குகிற பொருள். முட்டைக் கதையைத்தான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். மிச்சம் இருந்தது எறா, அதாவது இறால்.

எறாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அந்த ஊருக்குப் போன புதிதில், உப்பு வேலை முடித்து வருகிற பெண்கள் உப்பளத்தை ஒட்டிய கால்வாயில் இறங்கிக் கையாலேயே சேற்றைத் தடவி எறா பிடிப்பார்கள். பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், கை இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும். அந்த எறா சாயங்காலம் குழம்பாகிவிடும். விற்கலாம் என்றாலும் வாங்க ஆள் கிடையாது. பிறகு கூனிமேட்டிலிருந்து ஒரு பாய் வந்து கால்வாய்க் கரையில் கொட்டகை போட்டு, ஐஸ் பெட்டி வைத்தார். எறா வேனில் ஏறி மெட்ராஸ் போய், அங்கிருந்து கப்பலில் எங்கேயோ போனது. பாய் ஏமாற்றுகிற ஆள் இல்லை. எடையும் சரியாக இருக்கும், கையில் காசும் உடனே வரும். தெருவில் அலுமினியப் பாத்திரங்கள் வந்தன, ஒரு வீட்டில் ரேடியோ வந்தது. இந்தச் சனங்களுக்கும் விடிவு வந்தது என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் குழம்புச் சட்டியில் எறா குறைந்துகொண்டே வந்தது. இனிமேல் எறா தின்பதில்லை என்று யாரும் சபதம் எடுக்கவில்லை. விலை உள்ள பொருளைச் சட்டியில் போட யாருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நான் நேரே பாயிடம் போனேன். வேனில் ஏறுவது முழு எறா மட்டும்தான். உடைந்ததையும் நசுங்கியதையும் ஒரு மூலையில் குவித்திருந்தார்கள்.

"பாய், இத்த இன்னா பண்ணுவீங்க?"

"கால்வாயில கொட்டுவோம் நர்சம்மா. ஏன்?"

சொன்னேன். பாய் தன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "எடுத்துக்குங்க. பசிச்ச புள்ள வாய்க்குப் போறத வேணாம்னு சொன்னா எனக்கு ஹராமாயிடும்" என்றார்.

அடுத்தது அஞ்சலை. "எறாவுல உப்பு இருக்குமே நர்சம்மா" என்றாள். உப்பால் வந்த வீக்கம் இல்லை என்று அவளோடு நான் வாதம் செய்யவில்லை. உப்பு போடாமல் வேக வைப்போம், முதல் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவோம் என்றேன். அதற்குச் சம்மதித்தாள். எனக்கு வேண்டியது எறா உள்ளே போவது. உப்பை அவளுக்கு விட்டுக்கொடுத்ததில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அந்த வீக்கத்துக்கு உப்பு குறைவாக இருப்பது நல்லதும்கூட. எதற்குச் சண்டை போடுவது, எதை விட்டுக்கொடுப்பது என்று தெரிந்துகொண்டால் இந்த வேலையில் பாதி தெரிந்த மாதிரி.

தினமும் மத்தியானம், உப்பளத்திலிருந்து திரும்புகிற வழியில், தலைமுடியில் உப்பு மினுக்க அஞ்சலை கொட்டகைக்கு வருவாள். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி செல்வியைக் கொண்டு வந்து விட்டிருப்பாள். கொட்டகை நிழலில் உட்கார்ந்து சோற்றோடு எறாவை மசித்து ஊட்டுவாள். நானும் முடிந்த நாளெல்லாம் போய் உட்கார்ந்துகொண்டேன். மற்ற இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இருந்தன. அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் வீக்கம் இறங்கும், எலும்பு தெரியும், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அதுதான் குணமாகிற லட்சணம் என்று அஞ்சலையிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். நீங்களும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். சொன்னபடியே செல்வி கொஞ்ச நாளில் குச்சியாகிவிட்டாள். கொழுகொழு என்று சொன்ன அதே பக்கத்து வீட்டுக்காரி, "நல்லா இருந்த புள்ளய நர்சம்மா உருக்கிட்டாங்களே" என்று தெருவெல்லாம் சொன்னாள். அஞ்சலை அசரவில்லை.

"அவங்க மின்னாடியே சொல்லிட்டாங்க. உனுக்கு இன்னா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தாள்.

ஒரு நாள் அஞ்சலைக்குக் கை வலிக்கிறதென்று நான் ஊட்டினேன். செல்வி சோற்றோடு சேர்த்து என் விரலையும் நறுக்கென்று கடித்துவிட்டாள். வலியில் நான் கையை உதற, அவள் கிளுகிளுவென்று சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்து அப்போதுதான் கேட்டேன். அஞ்சலையும் சிரித்தாள், ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பாயும் சிரித்தார். அந்த மத்தியானத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

வீங்கினால் கருவாட்டை நிறுத்துகிற பழக்கமும் அந்தத் தெருவில் அதோடு போயிற்று. எறாவில் வீக்கம் வடிந்ததைப் பார்த்த அஞ்சலையே வீடு வீடாகப் போய்ச் சொல்லி நிறுத்தினாள். ஊக்கம் தருகிற கட்டுரை எழுத வேண்டுமென்றால் நான் இங்கேயே முடித்துவிட வேண்டும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்திகள் எல்லாம் முழுகி உப்பளமும் பக்கத்துக் கழுவெளிச் சதுப்பும் ஒரே தண்ணீர்க்காடு ஆனது. உப்பளக்காரர்களுக்கு இனிமேல் மழை விட்டு, பாத்தி காய்ந்து, சேறு மிதித்து முடிக்கிற வரைக்கும் வேலை கிடையாது. ஆனால் மழைத் தண்ணீரில்தான் எறா ஏராளமாக வரும். புருஷன், பெண்டாட்டி எல்லோரும் விடியலிலேயே இடுப்பளவு தண்ணீரில் பறியைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வருஷம் வந்த மாதிரி எறா வந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

நான் கொட்டகைக்குப் போனேன். உடைந்த எறா குவித்திருக்கும் மூலை காலியாக இருந்தது.

"அதுக்கும் ஆளு வந்துட்டாங்க நர்சம்மா" என்றார் பாய், என் முகத்தைப் பார்க்காமல். "உள்நாட்டுல பெரிய பெரிய கோழிப் பண்ணை போட்டிருக்காங்களாம். ஒடஞ்சது, தலை, ஓடு எல்லாத்தையும் காய வச்சித் தீனிக்கு அரைக்கறாங்க. இப்ப இவங்களே அத்தயும் எடை போட்டுத்தான் குடுக்கறாங்க. நான் வாங்கலன்னா வேற ஆளு வாங்கறான்."

"கொஞ்சம் வெலயக் கொறச்சித்தான் வாங்குங்களேன் பாய். அப்பவாவது வீட்டுக்கு எடுத்துக்கினு போவாங்க."

"நான் கொறச்சா திம்பாங்கன்னு நெனைக்கறீங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். "இன்னும் ரெண்டு பறி சேத்துப் புடிச்சி விப்பாங்க நர்சம்மா."

திரும்பி நடக்கும்போது வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் பிள்ளை தின்ன வேண்டிய எறாவை எங்கேயோ இருக்கிற கோழி தின்கிறது. அந்தக் கோழி போடுகிற முட்டையைத் தின்னச் சொல்லி நான் படத்தை மாட்டிப் பாடம் நடத்துகிறேன். நடுரோட்டில் நின்று யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அஞ்சலை வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறி வந்திருந்தாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பறி நிறைய எறா துள்ளிக்கொண்டிருந்தது. செல்வி சுவரோரமாகப் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சலை, அதுல ஒரு கை எடுத்து இவளுக்கு ஆக்கேன்."

"ஆக்கினேன் நர்சம்மா. ஆக்காம இருப்பேனா?" என்றாள். "அங்க கொட்டாயில இவ மட்டும் இருந்தா, ஊட்டினேன். இங்க பெரியவன் எதுர்ல வந்து குந்திக்கினு என் கையையே பாக்கறான். அவனுக்கு இல்லன்னு நான் எப்படிச் சொல்றது? அவனுக்குக் குடுத்தா அவங்கப்பாவுக்கு? நாளு பூரா தண்ணியில நிக்கற மனுசன் அது. எல்லாருக்கும் ஆக்கினா பறி காலி. பறி காலின்னா நாளைக்கு ஒலையில இன்னாத்தப் போடறது?"

துள்ளி வெளியே விழுந்த ஒரு எறாவை எடுத்துப் பறிக்குள் போட்டாள்.

"அந்தக் கையளவ வித்தா எல்லாருக்கும் கூழு ஆவுது. ஆக்கினா ஒருத்திக்குத்தான் ஆவுது. எனுக்குத் தெரியாதா நர்சம்மா இவளுக்கு இன்னா வேணும்னு? நீங்க சொல்லுங்க, நான் இன்னா பண்ணட்டும்?"

கோழி முட்டைக்காக மூத்த செவிலியர் என்னிடம் கேட்ட அதே கேள்வி. அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் ஏன் உள்ளே போனார் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் போய்க் கெஞ்சினேன். நல்ல மனிதர்தான். "மருந்து கேளும்மா, எழுதி வாங்கித் தர்றேன். சோறு கேட்டா நான் எங்க எழுதறது?" என்றார். இருந்த பால் பவுடரில் ஒரு டப்பா கொடுத்தார். அதை அஞ்சலை வீட்டில் கொடுத்தேன். அது எல்லோருக்கும் கரைந்து இரண்டு வேளையில் தீர்ந்தது. உன் சம்பளத்தில் நீயே வாங்கி ஊட்டியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அந்தத் தெருவுக்குப் போகிற நாட்களில் ஊட்டினேன். ஆனால் என் பையைப் பார்த்ததும் வாசலுக்கு வருகிற பிள்ளைகள் கூடிக்கொண்டே போயின. அந்தத் தெருவில் செல்வி ஒருத்தி இல்லை. உங்கள் சம்பளத்தால் ஒரு தெருவின் பசியை ஆற்ற முடியாது. முடியும் என்று நினைத்து ஆரம்பிக்கிறவர்கள் ஒரு மழைக்காலத்தில் உடைந்துபோகிறார்கள்.

மழை வலுத்து, தெருவில் கழிவும் குடிதண்ணீரும் ஒன்றானது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. பெரியவன் நாலு நாளில் எழுந்துவிட்டான். கைக்குழந்தை தாய்ப்பாலில் தப்பித்தது. செல்விக்கு நான் கொடுத்த உப்பு சர்க்கரைத் தண்ணீரை அஞ்சலை விடாமல் கொடுத்தாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நின்ற மாதிரி இருந்தது. ஆனால் பிள்ளைக்குத் தாங்க உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை, பாதத்தில் மறுபடியும் பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது.

ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மழையில் நனைந்துகொண்டே அஞ்சலை ஓடிவந்தாள். முந்தானைக்குள் செல்வி இருந்தாள்.

"மூஞ்சத் திருப்பிக்கினா நர்சம்மா" என்றாள்.

நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருந்தாள். ஒரு வேளைகூடத் தாமதிக்கவில்லை. போட்டது போட்டபடி பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினோம். பஸ்ஸில் ஒவ்வொரு மைலுக்கும் ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். பிள்ளை தலையை அம்மா மார்பின் பக்கம் திருப்பிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள், அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். மறுநாள் மத்தியானம் செல்வி போய்விட்டாள்.

மீன் நாற்றம் அடிக்கிற அந்த முந்தானையிலேயே சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தோம். வழியில் அஞ்சலை அழவில்லை. கூனிமேடு தாண்டும்போது ஒரே ஒரு தடவை, "இன்னிக்கு நான் தண்ணியில எறங்கல, அது மட்டும் எறங்கி இருக்கும்" என்றாள். புருஷனைத்தான் சொன்னாள்.

அடுத்த வெயில் காலத்தில் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி எங்கள் தாய்மார் கூட்டத்தைப் பார்க்க வந்தார். கெட்டிக்காரர், அக்கறை உள்ளவர். வெயிலில் அந்தத் தெரு வரைக்கும் நடந்தே வந்தார். ஆப்பிள் படத்தை மாட்டி வைத்துவிட்டு, "ஒரு வயசுக்கு மேல குழந்தைக்கு என்ன கொடுக்கணும், யாராவது சொல்லுங்க பார்ப்போம்" என்றார். எல்லோரும் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் ஒளிந்தார்கள். அஞ்சலைதான் எழுந்தாள், இடுப்பில் சின்னவனோடு.

"தினிக்கும் ஒரு முட்டை குடுக்கணுங்க. மீனு, எறா வேக வச்சி மசிச்சிக் குடுக்கணும். பருப்பக் கடைஞ்சி, கீரையக் கடைஞ்சி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குடுக்கணும். காலு வீங்கினா அமுக்கிப் பாக்கணும். கருவாட்ட நிறுத்தக் கூடாதுங்க."

அதிகாரி கை தட்டினார். எல்லோரையும் தட்டச் சொன்னார். "இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் யாரும் சொல்லலை. இந்தத் தெருவுல அறியாமை போயிடுச்சு. இந்த அம்மாவையே மத்தவங்களுக்குச் சொல்லித்தர வைங்க" என்று எங்களிடம் சொன்னார். மூத்த செவிலியர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கை தட்டினேனா என்று எனக்கு நினைவில்லை.

மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனே, அந்த வார்த்தை இதுதான். பிள்ளைகள் மெலிந்தால் அறியாமை, வீங்கினால் அறியாமை, செத்தாலும் அறியாமை என்று உங்களையும் எழுதச் சொல்வார்கள். வசதியான வார்த்தை அது, எழுதினால் யாருக்கும் செலவில்லை. அஞ்சலையின் அறியாமை உப்பு போடாத எறாவில் ஒரே மாதத்தில் தீர்ந்தது. எல்லாம் தெரிந்த பிறகுதான் அவள் பிள்ளை செத்தது. ஒரு உணவின் பெயரைச் சொல்லும் முன் அந்த வீட்டில் எத்தனை வாய் என்று பாருங்கள். தாய்க்கு என்ன தெரியும் என்று கேட்பதை விட, நேற்று என்ன ஆக்கினாய் என்று கேளுங்கள். வாங்க வழியில்லை என்றால் வாங்க வழியில்லை என்றே எழுதுங்கள், மேலே இருப்பவர்களுக்கு எரிச்சல் வந்தாலும் பரவாயில்லை. இதனால் பிள்ளை பிழைக்குமா என்று கேட்டால், தெரியாது. இதை விட நல்ல வழி இருந்தால் நான் எப்போதோ சொல்லியிருப்பேன்.

கூட்டம் முடிந்து அதிகாரி ஜீப்பில் ஏறிப் போனார். நான் அஞ்சலையோடு அவள் வீடு வரைக்கும் நடந்தேன். சின்னவனுக்கு ஏறக்குறைய செல்வி தாய்ப்பால் நின்று சவலையாகப் போன வயசு. இறக்கி விட்டதும் அதே சுவரோரமாகப் போய் உட்கார்ந்தான்.

"சின்னவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன். வேறு எதையும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இவனுக்கு ஒண்ணும் பயமில்ல நர்சம்மா. நான் டெய்லி பாத்துக்கறேன்" என்றாள். அவன் எதிரில் குந்தி, கையை அவன் உதட்டருகே நீட்டினாள். பிள்ளை உடனே வாயைத் திறந்தது.

"பாருங்க" என்றாள். "வெறும் வெரலுக்கே தொறக்கறான்."